எட்டாக்குடிக்காரர்கள் ஆற்றுக்கு முறை வைத்த கதை

எட்டாக்குடி கடைமடை ஊர். காவிரியில் தண்ணீர் விட்டால் எல்லா ஊருக்கும் பாய்ந்து, எல்லாரும் குளித்து, எருமைகளும் குளித்து முடித்த பிறகு மிச்சம் மீதி இருந்தால் அது எட்டாக்குடிக்கு வரும். பெரும்பாலும் மிச்சம் இருக்காது. அதற்காக அவர்களைப் பாவம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பக்கத்து ஊர்க்காரன். பாவம் பார்க்க வேண்டியது என்னைப் போன்றவர்களைத்தான்.

ஏனென்றால் எட்டாக்குடிக்காரர்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள். ஒரு வருஷம் விவசாய ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்து, "என்ன ஆனாலும் வரப்பு உடையாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம் பார்த்துப் பேய்மழை. வரப்பில் ஒரு வெட்டு வெட்டியிருந்தால் தண்ணீர் வடிந்து போயிருக்கும். ஊரே மம்பட்டியோடு வரப்பின் மேல் நின்று, எலி வளை ஒன்று விடாமல் அடைத்துக் காவல் காத்தது. பயிரெல்லாம் முழுகி அழுகிய பிறகு ஆபீசர் வந்தார். அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், "பாருங்க சார், ஒரு எடத்துல உடையல" என்று காட்டினார்கள். ஆபீசர் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். களைப்பு என்று நினைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள்.

இப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து மூன்று பேர் திருவாரூரில் ஒரு கலைக் கண்காட்சிக்கு வேலைக்குப் போனார்கள். அந்தக் கதைதான் இது.

கண்காட்சி நடத்தியது மதிவதனி என்ற பெண். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு, அங்கேயே இருந்து பிழைக்காமல், சொந்த ஊரில் ஒரு கேலரி வைத்தே தீருவேன் என்று திரும்பி வந்தவள். அவளுடைய சித்தப்பா ரத்தினசபாபதிக்கு ஓடாமல் கிடந்த ஒரு அரிசி மில் இருந்தது. அதைத்தான் கேட்டாள்.

"படம்னா வரையறது மட்டும் இல்ல சித்தப்பா. சாக்கு, தகரம், நெல்லு, மண்ணு, வெளிச்சம், கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சேர்த்துச் செய்யறது."

"அப்ப அது படமா, காயலாங்கடையா?" என்று சித்தப்பா கேட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் மில்லைக் கேட்டு ஒரு பர்னிச்சர் கடைக்காரரும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். அதனால் சித்தப்பா ஒரு வழி சொன்னார். "ஒரு வாரம் வெச்சுப் பாரு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நான் வருவேன். அப்ப உள்ள ஜனம் இருக்கணும், இருந்து பாக்கணும். இருந்தா மில்லு உனக்கு. இல்லேன்னா திங்கக்கிழமை கட்டில் பீரோ இறங்கும்."

இந்த இடம் போனால் மதி மறுபடியும் சென்னைக்குப் போய் சோப்பு விளம்பரத்துக்கு நுரை வரைய வேண்டும். அதை அவள் முன்பே செய்து பார்த்தவள். வாழ்நாளில் இனி ஒரு குமிழி கூட வரைவதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

உதவிக்கு ஆள் வேண்டும் என்றதும், சித்தப்பா தன் மேலவெளி நிலத்தில் கூலிக்கு வரும் எட்டாக்குடி ஆட்களை அனுப்பி வைத்தார். "சொன்னதைச் செய்வானுங்க" என்றார். அது உண்மைதான்.

வந்தவர்களில் பெரியவர் பக்கிரிசாமி. எட்டாக்குடி வாய்க்காலில் தண்ணீர் வந்தால் யார் வயலுக்கு எப்போது என்று முறை பார்த்து விடுகிற பொறுப்பு அவருடையது. தண்ணீர் வராததால் அந்தப் பொறுப்பை அவர் இதுவரை குறைசொல்ல இடமில்லாமல் நிறைவேற்றி வந்திருக்கிறார். அடுத்தவன் கலியமூர்த்தி, யோசிக்கிறவன். மூன்றாமவன் முருகையன், யோசிக்காதவன். பழகியவர்களுக்கே இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது.

முதல் நாள் மதி ஒரு பெரிய படத்தை முடித்திருந்தாள். கித்தான் மேல் சாக்குத் துணி, அதன் மேல் களிமண், அதன் மேல் நிஜ நெல்லை ஒட்டி, நடுநடுவே உமிச்சாம்பல் பூசிய படம். பெயர் 'களம்'. நோட்டீஸ் அடிக்கப் புறப்பட்டவள் வாசலில் நின்று, "அண்ணே, அந்தப் படம் இன்னும் ஈரமா இருக்கு. நல்லாக் காய வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பி வந்தபோது படம் மில்லுக்குப் பின்னால் சிமெண்டுக் களத்தில், வெயிலில் மல்லாந்து கிடந்தது. மூன்று பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசையாக அதன் மேல் நடந்து காலால் நெல்லைத் துழாவிக் கொண்டிருந்தார்கள். காக்கை வராமலிருக்க ஓரத்தில் ஒரு கறுப்புக் குடை விரித்து வைத்திருந்தது.

"அண்ணே! என்ன பண்றீங்க?" என்று அலறினாள் மதி.

"காய வெக்கிறோம் பாப்பா. மேல உள்ளது காஞ்சிருச்சு. அடியில உள்ளது காயணுமில்ல? அதான் திருப்பி விடறோம்."

முருகையன் மட்டும் முகம் வாடி நின்றான். "ஒரு தப்பு நடந்துபோச்சுங்க" என்றான். மதி நம்பிக்கையோடு அவனைப் பார்த்தாள். "புழுங்கலுக்கா, பச்சரிசிக்கான்னு உங்ககிட்ட கேக்காம விட்டுட்டோம். புழுங்கலுக்குன்னா அவிச்சிட்டுல்ல காய வெச்சிருக்கணும்?"

மதி படத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு அந்தக் கால்தடக் கோடுகளைப் பார்த்தாள். வளைந்து வளைந்து, அசல் நெற்களம் மாதிரியே இருந்தது. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஆனாலும் எடுத்துப் போய் மாட்டினாள்.

மறுநாள் அண்டா. மில்லில் நெல் ஊறப்போடுகிற ஆளுயர அண்டா ஒன்று கிடந்தது. மதி அதன் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு பூசி, 'காலி' என்று பெயர் வைத்து, கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். "இதுக்குள்ள ஒண்ணுமே இருக்கக்கூடாது. காலியா இருக்கறதுதான் இதோட அர்த்தம்" என்று மூன்று பேருக்கும் அழுத்திச் சொன்னாள். எதை அழுத்திச் சொல்லக்கூடாது என்று அவளுக்கு அப்போது பழக்கமாகியிருக்கவில்லை.

அவள் அந்தப் பக்கம் போனதும் பக்கிரிசாமி ஆரம்பித்தார். "கலியமூர்த்தி, உள்ள ஒண்ணும் இல்லியே?"

கலியமூர்த்தி ஏணி போட்டு ஏறி, தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். "ஒண்ணும் இல்லண்ணே. என் தலைதான் இருக்கு."

"அத எடு."

எடுத்தான். எடுத்துவிட்டு யோசித்தான். யோசிக்கிறவன் ஆயிற்றே. "அண்ணே, காத்து இருக்குமே?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது ஞாயமான கேள்வி. ஒரு தகரத்தைத் தேடிக் கொண்டுவந்து அண்டாவை மூடினார்கள்.

"இப்ப காத்து உள்ள போவாது" என்றார் பக்கிரிசாமி.

"காத்து போவாதுண்ணே. ஆனா மூடினதும் உள்ள இருட்டு வந்திருக்கும்."

"ஆமாடா! நல்லவேளை சொன்ன."

இருட்டைப் போக்க ஒரு டார்ச் லைட்டை எரியவிட்டுக் கயிறு கட்டி உள்ளே இறக்கினார்கள். இறக்கிய பிறகு முருகையன், "இப்ப உள்ள டார்ச் லைட்டு இருக்கே" என்றான். யோசிக்காதவன் சொன்னது என்பதால் முதலில் யாரும் மதிக்கவில்லை. பிறகு எட்டிப் பார்த்தால், இருந்தது.

பக்கிரிசாமி நெற்றியைத் தடவிக்கொண்டார். "உள்பக்கம்னு ஒண்ணு இருக்கறதாலதான இந்தத் தொல்லை எல்லாம்? கவுத்துப் போட்டுருங்கடா. உள்ளயும் இல்ல, ஒண்ணும் இல்ல."

மதி வந்தபோது அண்டா குப்புறக் கவிழ்ந்திருந்தது. அதன் மேல் முருகையன் உட்கார்ந்திருந்தான். "எதுவும் உள்ள பூந்துறக்கூடாதுன்னு பாரத்துக்கு உக்காந்திருக்கேன் பாப்பா" என்றான்.

அவன் இறங்கி வந்து அடுத்த வேலையைப் பார்த்தான். இன்னொரு அறையில், மேலே இருக்கும் புரொஜெக்டர் தரையில் மகிழம்பூக்களைக் கொட்டும். ஆள் நடந்தால் வெளிச்சப் பூக்கள் சிதறி ஒதுங்கும். மதி அதற்கு மூன்று மாதம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியிருந்தாள். "எடத்தைச் சுத்தமா வெச்சுக்கங்க" என்று அவள் பொதுவாகச் சொன்னதை நம்பி, முருகையன் விளக்குமாற்றோடு உள்ளே போனான். பெருக்கப் பெருக்கப் பூ ஒதுங்கியது. திரும்பிப் பார்த்தால் மறுபடி கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது, "மரத்தை வெட்டுனாத்தான் சரிப்படும்" என்று சொல்லி, மாடியில் மரத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஜனம் வந்திருந்தால் மதி எல்லாவற்றையும் மறந்திருப்பாள். வந்தது ஒரே ஒரு ஆள். ரிட்டையரான டிராயிங் வாத்தியார் சந்தானகிருஷ்ணன். ஊரில் அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னால் நாலு தெரு வரும். அன்றைக்கென்று மதி, "வர்றவங்க உள்ள இருக்கற எதையும் தொடாமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, கம்பி வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள்.

வாத்தியார் அசதியாக ஒரு நாற்காலியில் உட்காரப் போனார்.

"ஐயா, நாற்காலியத் தொடாதீங்க" என்றார் பக்கிரிசாமி.

சரி என்று சுவரில் சாய்ந்தார்.

"செவுத்தையும் தொடக்கூடாதுங்க."

வாத்தியாருக்குக் கோபம் வந்தது. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பக்கிரிசாமியை முறைத்தார்.

"கண்ணாடியத் தொட்டுட்டீங்களே!"

"யோவ், அது என் கண்ணாடிய்யா!"

"யாருதா இருந்தா என்னங்க? உள்ளதான இருக்கு? வெளில போயித் தொட்டுட்டு வாங்க. நாங்க வேணாங்கல."

வாத்தியார் வெளியே போனார். திரும்பி வரவில்லை. அவர் கடைத்தெருவில் போய் நாலு பேரிடம் சொல்ல, நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்ல, அந்த மில்லுக்குள் போனால் மூக்கைக் கூடச் சொறிய விடமாட்டார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. ஒரு ஈ வந்ததாகவும், அதையும் எதிலும் உட்கார விடாமல் விரட்டியதாகவும் கலியமூர்த்தி பின்னால் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. சாயங்காலம் சித்தப்பா வருவார். வெறும் கூடத்தில் கவிழ்ந்த அண்டாவைக் காட்டி என்ன சொல்வது? ஒரே ஒரு வேலை மட்டும் பாக்கி இருந்தது. ஏதோ ஒரு வயர் முந்தின நாள்தான் வந்து சேர்ந்ததால் அதுவரை ஓடாமல் கிடந்தது அது. யார் வந்தாலும் வராவிட்டாலும் தன் கண்ணாலாவது ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று அதை ஓடவிட்டாள்.

அதன் பெயர் 'ஆறு'. சுவர் நீளத்துக்குத் திரை. திரையைச் சுற்றி மரச் சட்டத்தில் நிஜ வண்டல் மண் அப்பி, நிஜக் கோரையும் நாணலும் சொருகிக் கரை கட்டியிருந்தாள். நடுவில் அவள் படம் படமாக வரைந்து, கம்ப்யூட்டரில் கோத்து ஓடவிட்ட தண்ணீர். சட்டத்தின் மேலே சின்னதாக ஒரு கேமராக் கண் உண்டு. எதிரே ஆள் நின்றால் தண்ணீர் வரும். ஆள் விலகினால் வற்றி வெறும் மணல் தெரியும்.

மதி எதிரே போய் நின்றாள். மணல் நனைந்தது. ஒரு ஓரத்தில் கசிந்து, பெருகி, சலசலவென்று சத்தத்தோடு கரை தொட்டு ஓடியது.

பின்னால் மூன்று பேரும் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். முருகையன் விழுந்து கும்பிட்டான். பக்கிரிசாமிக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாப்பா, இது எப்புடி ஓடுது?"

"ஆள் நின்னா ஓடும்ணே. போனா நின்னுரும்." மதிக்கு விளக்கத் தெம்பு இல்லை. "சித்தப்பா வர்ற வரைக்கும் இதையாவது நிக்காமப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளறையில் போய் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

இப்போது கடைமடைப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்ணீர் வந்தால் அங்கே முறை வைத்துத்தான் பாய்ச்சுவார்கள். முறைக்காரன் மடையில் மம்பட்டியோடு நிற்பான். அடுத்த முறைக்காரன் நேரில் வந்து மம்பட்டியைக் கையில் வாங்கினால்தான் இடத்தை விட்டு நகருவான். வீடு தீப்பற்றினாலும் அதுதான் சட்டம்.

பக்கிரிசாமி முருகையனை ஆற்றின் முன் நிறுத்தி, மம்பட்டி இல்லாததால் விளக்குமாற்றைக் கையில் கொடுத்தார். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பொறுப்பைக் கையில் எடுத்து, பெண்டாட்டி பாக்கியத்துக்குப் போன் போட்டார்.

"பாக்கியம், ஆறு வந்திருச்சு."

"எங்க?"

"இஞ்சதான். மில்லுக்குள்ள."

"மில்லுக்குள்ளயா? தண்ணி எம்மாம் இருக்கு?"

"ரெண்டு கரையும் தொட்டு ஓடுது. ஆளு நின்னா ஓடும், போனா நின்னுரும். நாங்க மூணே பேரு. எம்மா நேரம் தாங்குவோம்? முறைக்காரங்க எல்லாரையும் அனுப்பு. நீ மட்டும் நம்மூரு வாய்க்கா தலப்புல நில்லு. தண்ணி வந்து ஆளு இல்லேன்னா கோச்சுக்கிட்டு கடலுக்குப் போயிரும்."

பாக்கியம் மறுபேச்சு பேசவில்லை. அவளும் எட்டாக்குடிதான்.

மத்தியானம் ஒரு டிராக்டர் மில் வாசலில் வந்து நின்றது. ஆண்களும் பெண்களுமாக எட்டாக்குடியே இறங்கியது. ஆளுக்கொரு மம்பட்டி. சத்தம் கேட்டு வெளியே வந்த மதி கலவரம் என்று நினைத்துக் கதவைச் சாத்தப் போனாள். பக்கிரிசாமிதான் தடுத்து, "நம்ம ஆளுங்கதான் பாப்பா. ஆறு நிக்காமப் பாத்துக்கச் சொன்னீங்களே" என்றார்.

உள்ளே வந்தவர்கள் எதையும் தொடக்கூடாது என்ற உத்தரவைக் கேட்டதும், மம்பட்டி தரையில் பட்டுவிடாமல் தோளில் சாய்த்துக்கொண்டார்கள். முறைக்காரர் ஒருவர் ஆற்றின் முன் நின்றார். மற்றவர்கள் வயல் இருக்கிற வரிசைப்படி காத்திருந்தார்கள். காத்திருக்கிற நேரத்தில் சும்மா இருக்க முடியுமா? 'களம்' படத்தைச் சுற்றி நாலைந்து பெண்கள் குனிந்து நின்று, அது ஆடுதுறை நெல்லா, பொன்னியா என்று சண்டை போட்டார்கள். காலால் துழாவியிருக்கும் நேர்த்தியை ஒருத்தி மெச்சினாள். கவிழ்ந்த அண்டாவைச் சுற்றி உட்கார்ந்த கிழவர்கள், உள்ளே ஒன்றும் இல்லை என்று பக்கிரிசாமி சொன்னதைக் கேட்டு, "அப்ப எதுக்குக் கவுத்து வெச்சிருக்கு? என்னமோ இருக்கு" என்று காதை வைத்துக் கேட்டார்கள். மகிழம்பூ அறையில் மூன்று பெண்கள் மடியை விரித்துப் பிடித்துக்கொண்டு, பூ விழட்டும் என்று மேலே பார்த்து நின்றார்கள்.

மதி ஒரு தூணோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். இத்தனை நாள் அவள் ஆசைப்பட்டது இதைத்தான். யாரும் பார்த்துவிட்டுப் போனை எடுக்கவில்லை. யாரும் கொட்டாவி விடவில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனால் மனச்சாட்சி உறுத்தியது. நடுக்கூடத்துக்கு வந்து, "எல்லாரும் என்னை மன்னிச்சிருங்க. இது நிஜத் தண்ணி இல்ல. வெறும் படம்" என்று உரக்கச் சொல்லிவிட்டாள்.

சரியாக அந்த நேரத்தில்தான் சித்தப்பா வாசலில் வந்து நின்றார். கூட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தார். அவர் காதிலும் மதி சொன்னது விழுந்தது.

"கேட்டுக்கிட்டீங்களா? படமாம்" என்றார் கூட்டத்திடம். "கெளம்புங்கய்யா. படத்துத் தண்ணிக்கு மம்பட்டி எடுத்துக்கிட்டு வந்தீங்களா? ஊர்ல சொன்னா சிரிப்பாங்க."

மதிக்கு உயிரே போய்விட்டது. கூட்டம் கலைந்தால் மில்லும் போயிற்று.

ஆனால் யாரும் நகரவில்லை. பக்கிரிசாமி துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். "படம்னு தெரியுங்க. ஒரு வார்த்த கேக்கலாமா? அணை தொறந்தப்ப நீங்க போயிப் பாத்தீங்களா?"

"நான் எங்கய்யா போனேன்? டிவில பாத்தேன்."

"டிவில வந்தது தண்ணியா, படமா?"

"படந்தான்."

"அந்தப் படம் வந்த பொறவு உங்க வயலுக்குத் தண்ணி வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"எந்த வருசமாவது படத்துல வராம வயலுக்கு வந்திருக்கா?"

சித்தப்பா மேற்கூரையைப் பார்த்து வருஷம் வருஷமாக யோசித்தார். "இல்லியே" என்றார்.

"அதாங்க. தண்ணி மொதல்ல படத்துல வரும். அப்பறந்தான் வாய்க்கால்ல வரும். இத்தன வருசமா படம் எங்கியோ ஓடுச்சு, தண்ணியும் எங்கியோ போச்சு. இப்பத்தான் படம் நம்ம பக்கம் வந்திருக்கு. இத வுட்டுட்டு வீட்டுக்குப் போவச் சொல்றீங்களே?"

ஆறு மட்டும் சலசலத்தது. சித்தப்பா திரையைப் பார்த்தார், கரையில் அப்பியிருந்த வண்டலைப் பார்த்தார், முறைக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தார். அவர் முகம் மெதுவாக மாறியது. படித்தவர், சொத்துக்காரர், நாலு இடம் போய் வந்தவர். ஆனால் அவரும் காவிரித் தண்ணீரில் விவசாயம் பார்க்கிறவர்.

"அது எப்புடிய்யா?" என்று சத்தம் போட்டார். "மேலவெளி எங்க இருக்கு, எட்டாக்குடி எங்க இருக்கு? மேல்மடைக்காரன் நானு. எனக்கு முறை விடாம நீங்க பாட்டுக்குப் பாய்ச்சிக்கிட்டு நிக்கிறீங்க? வெலகு, வெலகு!"

பக்கிரிசாமி கலியமூர்த்தியைப் பார்த்தார். கலியமூர்த்தி யோசித்தான். "சட்டப்படி அவுரு சொல்றது சரிதாண்ணே" என்றான்.

மம்பட்டி சித்தப்பா கைக்கு வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, அவர் ஆற்றின் முன் நின்றார். நின்ற பிறகுதான் அவர் போன் அடித்தது. பர்னிச்சர் கடைக்காரர்.

"அட போய்யா!" என்றார் சித்தப்பா போனில். "கட்டிலுமாச்சு பீரோவுமாச்சு. இஞ்ச முறை ஓடிக்கிட்டிருக்கு. நீ வேற எடம் பாத்துக்க."

மதி தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். களைப்பு என்று நினைத்து முருகையன் இளநீர் தேடிப் போனான்.

அப்போதுதான் திரையில் மீன் வந்தது. எப்போதாவது ஒரு தரம் வரட்டும் என்று மதி ஆசையாக வரைந்துவிட்டிருந்த விரால். தண்ணீரில் ஒரு வெட்டு வெட்டித் திரும்பி, நிதானமாக நீந்தி, சட்டத்தின் ஓரத்துக்குப் போய் மறைந்தது.

கூடமே எழுந்துவிட்டது.

"விராலு!"

"கெழக்கால போவுது!"

"கெழக்கதான் நம்மூரு!"

கலியமூர்த்தி பாய்ந்து போய்ப் பாக்கியத்துக்குப் போன் போட்டான். "அக்கா, வலைய விரி. மீனு கெளம்பிருச்சு."

"எத்தாப் பெருசு?"

"என் கை நீளம் இருக்கும்."

"கொழம்புக்குப் புளி ஊறப்போடவா?"

"போடு, போடு."

எல்லாரும் காத்திருந்தார்கள். சித்தப்பா மம்பட்டியை மாற்றாமல் நின்றுகொண்டே இருந்தார். ஒரு காப்பி குடிக்கிற நேரம் கழித்துப் பாக்கியமே கூப்பிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் போனைக் காதில் வைக்கத் தேவையே இருக்கவில்லை.

"மீனும் வரல, ஒண்ணும் வரல! புளி கரையுது. நடுவுல எவனோ புடிச்சிட்டான். யாருன்னு பாருங்க!"

எட்டாக்குடி மொத்தமும் மெதுவாகச் சித்தப்பா பக்கம் திரும்பியது.

"என்னை ஏன்யா பாக்குறீங்க?"

"நாங்க ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் பக்கிரிசாமி மரியாதையாக. "மேல்மடைக்காரரு நீங்க ஒருத்தருதான் இருக்கீங்க. அதான்."

சித்தப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மம்பட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேட்டி மடியை அவிழ்த்து எல்லார் முன்னாலும் உதறிக் காட்டினார். ணங்கென்று மில் சாவிக்கொத்துதான் விழுந்தது. "அது ஒனக்குத்தான் பாப்பா, எடுத்து வெச்சுக்க" என்றார் மதியைப் பார்க்காமலே.

மதி இரண்டு கையாலும் சாவியைப் பொறுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"சாவி இருக்கட்டுங்க" என்றார் பக்கிரிசாமி. "மீனு?"

"இல்லய்யா! கண்ணு தெரியல? மீனும் இல்ல, செதிலும் இல்ல!" என்று கத்தினார் சித்தப்பா. கத்தி முடித்ததும் அவர் முகத்தில் லேசாக ஒரு சந்தேகம் வந்தது. கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, மடியை இன்னொரு தரம் உதறி, விரலை மோந்து பார்த்தார்.